‘நல்லா இருக்கு, படிங்க’ போதாது: நாவல் பரிந்துரைக்கப் புதிதாக வருபவர்களுக்கு

வாசகர்கள் நாலு பேர் கூடினால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “இப்போ என்ன படிச்சுக்கிட்டு இருக்கீங்க?” புதிதாக வந்தவர்கள் இதற்குப் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். நாவலின் பெயரைச் சொல்லி “சூப்பரா போகுது” என்று நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் முதல் அத்தியாயத்தில் பிடித்துக் கதை மொத்தத்தையும் கொட்டிவிடுவார்கள். முதல் பதிலைக் கேட்டவருக்கு அந்த நாவலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதைக் கேட்டவருக்கு இனி அதைப் படிக்கும் அவசியமே இல்லை.

துப்பறியும் கதை, த்ரில்லர், சரித்திர நாவல், அறிவியல் புனைவு, பேய்க்கதை, ஃபேன்டஸி, காதல் கதை ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பில் ஓடுபவை இவை. அதைச் சொன்னால் நாவல் கெட்டது, சொல்லாவிட்டால் ஆள் திரும்பிப் பார்க்கமாட்டார். கதையை விட்டுவிட்டு, அதைப் படிக்கும் அனுபவம் எப்படி இருக்கிறது என்று சொல்லிப் பழகுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வேலைகள்தான்.

படிக்கும்போதே குறித்துவையுங்கள்

நாவலின் பெயர், எழுதியவர் பெயர் எல்லோரும் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று தமிழ் வடிவங்கள் இருக்கும்; ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்று பல்லை உடைக்கும். தொடராக வந்த நூல்களில் ஒன்று என்றால் அது எத்தனையாவது என்பதும் முக்கியம். அப்புறம், முழுப் பதிப்பா, சுருக்கமா? பழைய உலக நாவல்களுக்குச் சுருக்கப் பதிப்புகள் நிறைய உண்டு. நீங்கள் 150 பக்கச் சுருக்கத்தைப் படித்துவிட்டு “ஒரே மூச்சில் போகுது” என்று சொல்லி, உங்களை நம்பி ஒருவர் 700 பக்க முழு நூலை எடுத்தால், அடுத்த முறை அவர் உங்கள் பக்கமே வரமாட்டார்.

இன்னொன்று, எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பது. படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசும்போது இதைத் தவறாமல் சொல்லுங்கள். 40ஆம் பக்கத்தில் இருப்பவரின் உற்சாகம் வேறு, 300ஆம் பக்கத்தில் இருப்பவரின் உற்சாகம் வேறு. அதிலும் துப்பறியும் நாவலைக் கடைசி ஐம்பது பக்கம் தூக்கிவிடும், கவிழ்த்தும்விடும். பாதியில் இருக்கும்போது “இதுவரைக்கும்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் வம்பில்லை.

ஒரு குறிப்பு எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம்:

“350 பக்கத் துப்பறியும் நாவல். நான் 140இல் இருக்கிறேன். மலைமேல் ஒரு பங்களா, எட்டுப் பேர், ஒரு பிணம். முதல் அறுபது பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்பதிலேயே போகிறது. ஒரு தாளில் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நல்ல வேகம். ரத்தம், கொடூரம் எதுவும் இதுவரைக்கும் இல்லை, எல்லாம் பேச்சிலேயே நடக்கிறது. விசாரிக்க வரும் அம்மாளுக்கு வாய்த்துடுக்கு அதிகம், அவருக்காகவே படிக்கலாம். யார் செய்திருப்பார் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. சொல்லமாட்டேன்.”

கதை என்று பார்த்தால் இதில் ‘பங்களா, எட்டுப் பேர், ஒரு பிணம்’ அவ்வளவுதான். அது பின்னட்டையிலேயே இருக்கும். ஆனால் இதைக் கேட்டவருக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. பெயர்க் குழப்பம் பிடிக்காதவர் விலகிக்கொள்வார். ரத்தம் பார்த்தால் தூக்கம் வராதவர் தைரியமாக எடுப்பார். உரையாடல் ரசிகர் அன்றைக்கே தேட ஆரம்பிப்பார். மெதுவாகத் தொடங்குகிறது என்பதை மறைக்காமல் சொன்னதால், எடுத்தவர் இருபதாம் பக்கத்தில் கைவிடவும் மாட்டார். குறையைச் சொன்னால் பரிந்துரை பலவீனமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். குறை சொல்லாத பரிந்துரையை நான் நம்புவதே இல்லை.

எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்?

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு நூலுக்குள் போக நாலு வாசல் உண்டு என்பார்: கதை, பாத்திரங்கள், கதை நடக்கும் இடமும் காலமும், மொழி. எல்லா நூலிலும் நாலும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். வாசகர்களும் அப்படித்தான், ஒவ்வொருவருக்கும் பழக்கமான ஒரு வாசல் உண்டு. உங்களுக்கு ஒரு நாவல் பிடித்துப்போனால், எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நல்ல உதாரணம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த, ஐந்து பாகங்கள் கொண்ட நாவல். “அது மாதிரி வேற ஏதாவது சொல்லுங்க” என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவசரப்பட்டு இன்னொரு ராஜா கதையை நீட்டிவிடாதீர்கள். கேட்பவருக்கு வந்தியத்தேவனின் குறும்புதான் பிடித்திருந்தது என்றால், அவருக்குத் தேவை வாயாடி நாயகன் ஒருவன் ஊர் ஊராகப் போய் மாட்டிக்கொண்டு தப்பிக்கும் சாகசக் கதை. அது எந்த நூற்றாண்டில் நடந்தாலும் சரி. அரண்மனைச் சதியும் யார் பக்கம் யார் என்ற கணக்கும் பிடித்திருந்தால், நல்ல அரசியல் த்ரில்லர் ஒன்றை அவர் ஒரே இரவில் முடித்துவிடுவார். சோழர் வரலாறுதான் இழுத்தது என்றால் அவர் அடுத்து நாவலைத் தேடுகிறாரா, வரலாற்று நூலைத் தேடுகிறாரா என்றே கேட்க வேண்டும். பல வாரம் ஒரே உலகத்தில் குடியிருந்த சுகம்தான் வேண்டும் என்பவருக்குக் கனமான ஃபேன்டஸித் தொடர் ஒன்று பொருந்தலாம். நாவல் ஒன்றுதான், போக வேண்டிய திசை நாலு.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு கேள்வி

‘க்ரைம் நாவல்’ என்று சொன்னால் அதற்குள் பல ஜாதி இருக்கிறது. ஒன்று புதிர் வகை: தடயங்கள் வரிசையாக வரும், வாசகரும் துப்பறிபவரும் போட்டி போடலாம். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் (பாதிரியாரும்கூட) இந்த வகைக்குப் பத்து விதிகளே எழுதிவைத்தார். அமானுஷ்யம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்றெல்லாம் போகும் அது. இரண்டாவது, கொலையாளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அவன் எப்படி மாட்டப்போகிறான் என்று காத்திருக்க வைப்பது. ஆஸ்டின் ஃப்ரீமன் என்பவர் 1912இலேயே இப்படிச் சில கதைகளை ஒரு தொகுப்பில் எழுதிப் பார்த்துவிட்டார். மூன்றாவது, போலீஸ் விசாரணையை நாளுக்கு நாள் அலுக்காமல் காட்டுவது. நாலாவது, குற்றவாளியின் மனத்துக்குள் நம்மை உட்கார வைப்பது. புதிர் ரசிகரிடம் நாலாவது வகையைக் கொடுத்தால் “தடயம் எங்கே?” என்று தேடிக் களைத்துப்போவார். எனவே க்ரைம் நாவலைப் பற்றிச் சொல்லும்போது, யார் செய்தது என்பது கேள்வியா, ஏன் செய்தான் என்பது கேள்வியா என்று சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கொடூரம் எந்த அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறிவியல் புனைவில், ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு அதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று பார்க்கும் நூலா, விண்கலத்தில் நடக்கும் சாகசமா என்பதைச் சொல்லுங்கள். “சயின்ஸ் தெரிஞ்சிருக்கணுமா?” என்று புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள், தைரியம் கொடுப்பதற்காகப் பொய் சொல்லாதீர்கள். ஃபேன்டஸியில், அந்த உலகத்தின் பெயர்களும் சட்டங்களும் பிடிபட எத்தனை பக்கம் ஆகும் என்பதே முதல் தகவல். சரித்திர நாவலுக்கு வர்ணனை எவ்வளவு, போர் எவ்வளவு, காதல் எவ்வளவு.

பேய்க்கதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. “கடைசியில நிஜமாவே பேய்தானா, இல்ல மனுஷன் வேலையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பேய் என்று நம்பிப் படித்துவிட்டுக் கடைசியில் ஒரு மருத்துவர் வந்து விளக்கம் சொன்னால் எரிச்சலடையும் ரசிகர்கள் ஏராளம். ஆனால் பதில் சொன்னால் நாவலே போய்விடும். “அந்தச் சந்தேகத்துலயே உங்களை வெச்சிருக்கும்” என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

காதல் கதையில் எல்லாம் தலைகீழ். அங்கே இருவரும் கடைசியில் சேருவார்கள் என்று சொல்வது ரகசியத்தை உடைப்பதே ஆகாது. நம்பிக்கையூட்டும் முடிவு இருந்தால்தான் அது இந்த வகைக்குள் வரும் என்று அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்களின் சங்கமே வரையறுத்துவைத்திருக்கிறது. அதனால் ரசிகர்கள் முதலில் கேட்பதே “சேர்ந்துடுவாங்கதானே?” என்றுதான். சோகமாக முடிகிறது என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்

யாராவது “ஒரு நல்ல நாவல் சொல்லுங்க” என்றதும் வாயில் ஒரு பெயர் வந்து நிற்கும். அது பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்தது, அல்லது நேற்று முடித்தது. கேட்டவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். பெயரைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, இப்படிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்:

“த்ரில்லர் ஏதாவது சொல்லுங்களேன்.”

“கடைசியா எதைக் கீழே வைக்க மனசில்லாம படிச்சீங்க?”

“ஒரு வக்கீல் கதை. கோர்ட் சீன் எல்லாம் பிரமாதம்.”

“பாதியில விட்டது?”

“ஒரு தொடர் கொலைக் கதை. அந்த ஆள் மண்டைக்குள்ளயே நாலு அத்தியாயம் உட்கார வெச்சுட்டாங்க. முடியலைங்க.”

“படிக்க எப்போ நேரம் கிடைக்குது?”

“ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்.”

அவர் கேட்டது த்ரில்லர். அவருக்கு வேண்டியது வாதப் பிரதிவாதம், புத்திசாலிகள் மோதிக்கொள்வது. கொலைகாரனின் மனவக்கிரம் வேண்டாம். அரை மணியில் நிறுத்தக்கூடிய சின்ன அத்தியாயங்களாக இருந்தால் நல்லது, தூங்கப்போகும் நேரத்தில் பயமுறுத்தாமலும் இருக்க வேண்டும். இவ்வளவும் மூன்று கேள்வியில் கிடைத்தது. மூன்றிலும் அதிகம் பயன்பட்டது இரண்டாவது. பிடித்ததைச் சொல்லும்போது ஆட்கள் கொஞ்சம் பூசி மெழுகுவார்கள், ‘நல்ல நூல்’ என்று பெயர் எடுத்ததையே சொல்வார்கள். விட்டதைப் பற்றிச் சொல்லும்போது உண்மை தானாக வந்துவிடும்.

இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் வேண்டாம்

பத்துப் பெயர் கொடுத்தால் ஒன்றையும் எடுக்கமாட்டார்கள். அவர் சொன்ன ரசனைக்கு நேராகப் பொருந்தும் ஒன்று, அதிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும் இன்னொன்று போதும். ஆள் படிக்கவே புதியவர் என்றால் மூன்றாவதாக மெல்லிய நூல் ஒன்று. 120 பக்கத்தை முடித்தவர் திரும்பி வருவார், 900 பக்கத்தில் சிக்கியவர் வரமாட்டார்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சொல்லுங்கள்: அவர் சொன்ன எதனால் இது நினைவுக்கு வந்தது என்று ஒரு வரி, எங்கே இடறலாம் என்று ஒரு வரி. “நீங்க சொன்ன மாதிரியே கோர்ட்தான், ஆனா பாதிக் கதை ஊர்ல நடக்குது.” நீங்கள் படிக்காத நூல் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: “நான் படிக்கல, கேள்விப்பட்டதுதான்.” கிடைக்குமா என்பதையும் பாருங்கள். அச்சில் இல்லாத நாவலைப் புகழ்ந்து புகழ்ந்து சொல்வது ஒருவகைக் கொடுமை.

எதில் ஆரம்பிப்பது?

தொடர் நூல்களில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடுங்கள். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954–55இல் மூன்று தொகுதிகளாக வந்தாலும் அது ஒரே நாவல். முதல் தொகுதி எங்கேயும் முடியாமல் நிற்கும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் “பாதியில நிறுத்திட்டானே” என்று திட்டு விழும். ஒரே துப்பறிபவர் வரும் தனித்தனிக் கதைகள் வேறு; அவற்றை எங்கிருந்தும் எடுக்கலாம்.

எங்கிருந்தும் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. அகதா கிறிஸ்டி எழுதிய, போய்ரோ என்ற துப்பறிபவர் வரும் நாவல்கள் பெரும்பாலும் எந்த வரிசையிலும் படிக்கக்கூடியவை. ஆனால் 1937இல் வந்த ‘டம்ப் விட்னஸ்’ நாவலில் போய்ரோ பேச்சுவாக்கில் தன் பழைய வழக்குகள் சிலவற்றின் கொலையாளிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிடுவார். அதை முதல் நூலாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முதலில் வந்ததே ஆரம்பிக்கச் சிறந்தது என்றும் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் அறிமுகமான முதல் நாவல் 1887இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாதியில் கதை அமெரிக்காவுக்குப் போய்விடும், ஹோம்ஸ் நெடுநேரம் தலைகாட்டமாட்டார். 1891இலிருந்து பத்திரிகையில் வந்த சிறுகதைகளில் ஆரம்பித்தவர்கள்தான் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு உதாரணம், சி.எஸ். லூயிஸின் ஃபேன்டஸித் தொடரான நார்னியா. முதலில் வெளிவந்தது 1950இல். கதைக்காலப்படி எல்லாவற்றுக்கும் முந்தைய கதையோ ஆறாவதாக, 1955இல்தான் வந்தது. இப்போது கதைக்கால வரிசையில் எண் போட்டு விற்கிறார்கள். நான் வெளிவந்த வரிசையைத்தான் சொல்வேன். பின்னால் எழுதப்பட்ட முன்கதை, முன்னால் வந்ததைப் படித்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

ரகசியத்தை உடைக்காமல்

கொலையாளி பெயரைச் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்வது வேறு. “கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க” என்பதே பாதி ரகசியத்தை உடைத்த மாதிரி. அதைக் கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு படிப்பார். “அந்தத் தம்பியை நல்லா கவனிச்சுக்குங்க” என்பது அதைவிட மோசம். “ரெண்டாவது பாகத்துல அவரைப் பார்க்கணுமே!” என்றால் அவர் முதல் பாகத்தில் சாகமாட்டார் என்று தெரிந்துவிட்டது. பின்னட்டையில் உள்ளதையும், நாவலின் முதல் கால்பகுதிக்குள் நடப்பதையும் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. சில பின்னட்டைகள் அதையும் மீறி உளறிவைத்திருக்கும், அதற்கு நாம் பொறுப்பில்லை.

முடிவு தெரிந்தால் ரசனை கெடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. 2011இல் கலிஃபோர்னியாவில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள், முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்த சிறுகதைகளை வாசகர்கள் இன்னும் கூடுதலாகவே ரசித்ததாகக் காட்டினார்கள். இருக்கட்டும். அது சிறுகதை. ஒரு வாரம் செலவழித்து 400 பக்கம் படிப்பவருக்கு முடிவு வேண்டுமா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். பாலியல் வன்முறை, குழந்தையின் மரணம், தற்கொலை போன்றவை கதையில் வந்தால் சிலருக்குத் தாங்காது. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம். “சில கஷ்டமான விஷயங்கள் வரும், என்னன்னு தெரியணும்னா தனியா கேளுங்க” என்றால் போதும்.

கொடுத்த பிறகு

நீங்கள் உயிரைவிட்டுச் சொன்ன நாவலை ஒருவர் “சுமார்தாங்க” என்று திருப்பிக் கொடுப்பார். வாதாடாதீர்கள். “நூறு பக்கம் தாண்டினா பிடிக்கும்” என்று துரத்தவும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் கேட்டுவையுங்கள். அடுத்த முறை அவருக்குச் சொல்ல அதுவே துப்பு. பாதியில் விடுவது குற்றமில்லை. நான்சி பெர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மிச்சம் வருகிற பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம்.

நீங்கள் விட்ட நூலைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம். “மட்டமான நாவல்” என்று சொன்னால் அதை ரசித்தவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். “எனக்கு அந்த நீண்ட போர் வர்ணனைகள் ஓடலை” என்றால், போர் வர்ணனைப் பிரியர் ஒருவர் அதே நூலை வாங்கிக்கொண்டு போவார். எல்லா வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, எல்லா நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்ற பொருளில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு விதி எழுதினார். நீங்கள் கைவிட்ட நூலுக்கும் அது பொருந்தும்.

“சும்மா டைம்பாஸ் நாவல்தான்...” என்று தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படி ஆரம்பித்தால் அதே வகையை விரும்பிப் படிக்கும் மற்றவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள். இலக்கியம் படிப்பவர் யாராவது புருவத்தை உயர்த்தினால், அவரிடமும் கடைசியாக எதை விடாமல் படித்தார் என்று கேளுங்கள்.

யாருக்கு எதைச் சொன்னீர்கள், எந்த நூலை இரவல் கொடுத்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். அதே நாவலை அதே ஆளுக்கு மறுபடி சிபாரிசு செய்யும் அசடு வழிதல் மிச்சமாகும், கொடுத்த புத்தகமும் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. சில வாரம் கழித்து “எந்தப் பக்கத்துல இருக்கீங்க?” என்று மட்டும் கேளுங்கள். “முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டால் வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும், சிலர் படிக்காமலேயே முடித்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.